கோபித்துக்கொண்டு போனவர் ஆங்கிலத்தில் எப்படிப் போகிறார்?

'ஸ்டோர்ம் அவுட்' என்றொரு ஆங்கில வினை. நம் பகுதி டியூஷன் கொப்பிகளில் அது வழக்கமாக எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தாளின் நடுவே ஒரு கோடு, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் 'கோபத்துடன் வெளியேறுதல்'. அதற்குக் கீழே 'கிவ் அப்', 'புட் ஓஃப்', 'லுக் ஆஃப்டர்' என்று ஒரு நீண்ட வரிசை. பிள்ளை அதைப் பாடமாக்கும், சோதனையில் எழுதும், அடுத்த தவணைக்குள் மறந்தும் போகும். பிறகு இப்படி ஒரு சின்னச் சொல்லோடு சேர்ந்து வரும் ஃப்ரேசல் வேர்ப் என்றாலே தலையிடி என்ற பெயர் நிலைத்துவிடும். எனக்கு அந்தக் கோட்டின் மேல்தான் சந்தேகம். சொல்லுக்குச் சொல் என்று பிரித்து வைப்பதால் இந்த வினை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது கண்ணில் படாமலே போய்விடுகிறது. அந்தக் கட்டுமானத்தைத் தமிழின் கட்டுமானத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றைப் படித்தவருக்கு ஒரு குடும்பமே கைக்கு வரும். அதைவிட முக்கியமாக, அந்த வினையை யாரைப் பற்றிச் சொல்லலாம், யாரைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பதும் பிடிபடும். இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரு வினையை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

முதலில் நம் பேச்சையே எடுத்துக்கொள்வோம். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக் கூட்டம் ஒன்றில் வாய்த்தர்க்கம் முற்றி ஒருவர் வெளியே போய்விட்டார் என்று வையுங்கள். கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ அந்தச் செய்தி எப்படிப் பரவும்? "அவர் கோவிச்சிட்டு எழும்பிப் பெய்த்தாரு." இந்த வசனத்தில் முற்றுவினை ஒன்றுதான்: 'பெய்த்தாரு', அதாவது போய்விட்டார். கோபம் 'கோவிச்சிட்டு' என்ற வினையெச்சத்தில் இருக்கிறது. கதிரையை விட்டு எழும்பியது இன்னொரு வினையெச்சம். வேகத்தையும் சொல்ல வேண்டுமென்றால் 'விறுவிறுவென்று' என்றோ 'விருட்டென்று' என்றோ ஒன்றைச் சேர்ப்போம். கதவுச் சத்தமும் வேண்டுமென்றால் 'கதவை அடிச்சிச் சாத்திட்டு' என்போம். இவையெல்லாம் முற்றுவினைக்கு முன்னால் வரிசையாக வந்து நிற்கும். அத்தனையையும் நீக்கிவிட்டாலும் 'பெய்த்தாரு' நிற்கும். ஆள் போன செய்தி குறையாது. ஆங்கிலத்தில் இந்த ஒழுங்கு தலைகீழ். 'ஸ்டோர்ம்' என்ற முதன்மை வினைக்குள்ளேயே கோபம், வேகம், சத்தம் மூன்றும் இருக்கின்றன. ஆள் வெளியே போனதைச் சொல்லும் பொறுப்பு 'அவுட்' என்ற சின்னச் சொல்லுக்கு. 'அவுட்' இல்லையென்றால் கோபம் மட்டும் மிஞ்சும். யாரும் எங்கும் போகவில்லை. தமிழ் எச்சத்தில் வைப்பதை ஆங்கிலம் வினையில் வைக்கிறது. தமிழ் வினையில் வைப்பதை ஆங்கிலம் அந்தச் சின்னச் சொல்லில் வைக்கிறது. பாடமாக்க வேண்டியது ஏதாவது உண்டென்றால் இந்த ஒரு இடமாற்றம்தான்.

இதற்கு ஆய்வுப் பின்னணி உண்டு. அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் டால்மி உலக மொழிகளை இந்த அடிப்படையில் இரண்டாகப் பிரித்துக் காட்டினார். போகிற திசையை முதன்மை வினையே சொல்லிவிடும் மொழிகள் ஒரு பக்கம். திசையை ஒரு துணைச்சொல்லிடம் விட்டுவிட்டு, போகிற விதத்தை வினைக்குள் வைக்கும் மொழிகள் மறுபக்கம். முதல் வகைக்கு அவர் தந்த பட்டியலில் ஸ்பானியம் போன்ற லத்தீன் வழி மொழிகள், அரபு, ஹீப்ரு போன்ற செமிட்டிக் மொழிகள், ஜப்பானியம் ஆகியவற்றோடு தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார். ஆங்கிலமும் ஜெர்மனும் இரண்டாம் வகை. ரூத் பெர்மனும் டேன் ஸ்லோபினும் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கதைசொல்லலில் சோதித்துப் பார்த்தது. தொலைந்த தவளையைத் தேடிப் போகும் ஒரு சிறுவனைப் பற்றிய, எழுத்தே இல்லாத படப் புத்தகம் ஒன்றை ஐந்து மொழிகள் பேசும் சிறுவர்களிடமும் பெரியவர்களிடமும் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்கள். மரப்பொந்திலிருந்து ஆந்தை வெளிப்படும் படம் ஒன்று அதில் வருகிறது. ஸ்பானியம் பேசுவோர் பெரும்பாலும் 'வெளியே வந்தது' என்ற அளவில் முடித்துக்கொண்டார்கள். ஆங்கிலம் பேசுவோர் பலர் அது எப்படி வந்தது என்பதையே வினையாக்கி, பின்னால் 'அவுட்' சேர்த்தார்கள். படம் ஒன்றுதான். எதை வினையில் வைப்பது என்பதில்தான் மொழிகள் பிரிந்தன.

அரபும் தமிழும் இந்த விடயத்தில் ஒரே பக்கம் நிற்பது நம் கரையோர மாணவருக்கு ஒரு கூடுதல் வசதி. குர்ஆன் மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு யூனுஸ் நபி (அலை) அவர்களின் வரலாறு தெரியும். தம் சமூகத்தார் மீது கோபித்து அவர் புறப்பட்டுப் போனதை அல்-அன்பியா அத்தியாயத்தின் 87ஆவது வசனம் குறிப்பிடுகிறது. அங்கே முதன்மை வினை 'போனார்' என்ற எளிய வினைதான். எந்த நிலையில் போனார் என்பதைச் சொல்லும் சொல் தனியே பின்னால் வருகிறது. அரபுக் கல்லூரியில் நஹ்வு, அதாவது அரபு இலக்கணம், படித்தவர்கள் அதை 'ஹால்' என்பார்கள். 'கோபித்தவராகப் போனார்' என்று நாம் அதை அச்சுக் குலையாமல் தமிழில் சொல்லிவிடலாம். ஆக, நம் பிள்ளை வீட்டில் பேசும் மொழியும் மத்ரஸாவில் ஓதும் மொழியும் ஒரு வழியால் போகின்றன. பாடசாலையில் படிக்கும் ஆங்கிலம் இந்த இடத்தில் மட்டும் வேறு வழியால் போகிறது. "இங்கிலீஷ் கஷ்டம்" என்று பயமுறுத்துவதைவிட, வழி எங்கே பிரிகிறது என்று காட்டிக் கொடுப்பது நல்லது. அரபு இலக்கணம் சொல்லித் தரும் மௌலவியும் ஆங்கிலம் படிப்பிக்கும் சேரும் ஒரே ஊரில் இருந்தும் இந்த ஒற்றுமை வகுப்பறைக்கு வராமல் இருப்பது இழப்பு.

பிரியும் இடம் தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். வினையை மாற்றிப் பாருங்கள். போகிற விதம் மாறும். 'ஸ்டொம்ப்' என்றால் காலை ஓங்கி ஓங்கி வைத்து, அடம்பிடிக்கும் சிறுபிள்ளை போல. 'ஸ்டோக்' என்றால் கழுத்தை நிமிர்த்தி, உடம்பை விறைப்பாக்கி, யாரையும் ஏறெடுத்துப் பாராமல். கோபத்தோடு கௌரவமும் கலந்த நடை அது. 'மார்ச்' என்றால் தீர்மானத்தோடு. 'ஃபிளவுன்ஸ்' என்றால் வெடுக்கென்று திரும்பிச் சிலுப்பிக்கொண்டு. பெரும்பாலும் பெண்களைப் பற்றி, அதுவும் கேலியாகச் சொல்வது. இனிச் சின்னச் சொல்லை மாற்றுங்கள், திசை மாறும். 'ஸ்டோர்ம் இன்' என்றால் அதே கோபம், அதே வேகம், ஆனால் உள்ளே வருகிறார். அதிபரின் அறைக்குள் முறைப்பாட்டோடு பாய்ந்து வரும் பெற்றோரை இப்படிச் சொல்லலாம். பயன்படுத்தும்போது மூன்று விடயங்களைக் கவனித்தால் போதும். ஒன்று, இடத்தைச் சொல்ல வேண்டுமானால் 'அவுட்' உடன் 'ஒவ்' சேரும்: 'ஷீ ஸ்டோர்ம்ட் அவுட் ஒவ் த ரூம்'. தமிழில் 'அறையிலிருந்து' என்று வருவதால் நம் கை 'ஃப்ரம்' எழுதத் துடிக்கும், எழுதக் கூடாது. இரண்டு, 'ஆங்கிரிலி' என்ற சொல்லைப் பின்னால் ஒட்ட வேண்டாம். கோபம் ஏற்கெனவே வினைக்குள் இருக்கிறது. 'கோபமாகக் கோபித்துக்கொண்டு போனார்' என்று நாம் சொல்வதில்லையே. மூன்று, இந்த வினை செயப்படுபொருள் ஏற்காது. யாரையும் யாரும் 'ஸ்டோர்ம் அவுட்' பண்ண முடியாது; போகிறவர் தானேதான் போக வேண்டும்.

'அவுட்' எங்கே, 'ஓஃப்' எங்கே என்ற கேள்விக்குக் கிரிக்கெட் நல்ல விடை தரும். சுவர் உள்ள இடத்திலிருந்து, அதாவது அறை, வீடு, கூட்டம், அலுவலகம் ஆகியவற்றிலிருந்து போனால் 'அவுட்'. மைதானம், மேடை போன்ற திறந்த பரப்பிலிருந்து போனால் 'ஓஃப்'. 1981 பெப்ரவரியில் மெல்பர்ன் டெஸ்ட்டில் லில்லியின் பந்துக்கு எல்.பி.டபிள்யூ. கொடுக்கப்பட்ட சுனில் கவாஸ்கர், மட்டையில் பட்ட பந்துக்கு ஆட்டமிழப்பா என்று கொதித்து, எதிர்முனையில் நின்ற சேத்தன் சௌகானையும் கூட்டிக்கொண்டு மைதானத்தை விட்டு நடந்தார். எல்லைக்கோட்டருகே அணி முகாமையாளர் சௌகானைத் திருப்பி அனுப்பியதால் ஆட்டம் பிழைத்தது. கவாஸ்கர் போனதை 'ஸ்டோர்ம் ஓஃப்' என்று சொன்னால் பொருந்தும். 'அவுட்' என்றால் பொருந்தாது. இதோடு 1999 ஜனவரி 23ஆம் திகதி அடிலெய்டில் நடந்ததை ஒப்பிடுங்கள். முரளிதரனின் பந்தை நடுவர் ரோஸ் எமர்சன் 'நோ போல்' என்றதும் அர்ஜுன ரணதுங்க விரலை நீட்டி வாதாடி, அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று நிறுத்தினார். கோடு தாண்டவில்லை. பேச்சுவார்த்தைக்குப் பின் ஆட்டம் தொடர்ந்தது. 303 ஓட்ட இலக்கை இலங்கை ஒரு விக்கெட் மீதமிருக்க எட்டியது. கோபம் இரண்டு இடத்திலும் இருந்தது. ஆனால் ரணதுங்கவுக்கு 'ஸ்டோர்ம்' சரிவராது. அவர் தன் அணியைக் கணக்குப் போட்டு நடத்திச் சென்றவர். அதற்கு ஆங்கிலம் 'லெட் ஹிஸ் டீம் டுவார்ட்ஸ் த பவுண்டரி' என்று அமைதியாகவே சொல்லும். கோபமாகப் போனவர் எல்லோருக்கும் ஒரே வினை போட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோடி கிடைக்காது.

'ஸ்டோர்ம்' என்ற சொல்லின் தமிழ் அர்த்தம் 'புயல்' என்பதால் ஒரு குழப்பமும் வருவதுண்டு. 'புயலாக வெளியேறினார்' என்று மொழிபெயர்த்தால் நம் காதில் என்ன விழுகிறது? வேகம். தமிழில் புயல் வேகம் என்பது பாராட்டு. வேகப்பந்து வீச்சாளருக்கும் தேர்தல் சுற்றுப்பயணத்துக்கும் தாராளமாகக் கொடுக்கும் பட்டம். கோபம் அந்த உவமையில் தானாக வராது. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளியைக் கண்ட கிழக்குக் கரையிலும்கூட, கோபக்காரரைப் புயல் என்பது பேச்சு வழக்கில் இல்லை. இன்னொரு குழப்பம், இதே வினைக்குப் பின்னால் சின்னச் சொல் இல்லாமல் ஓர் இடத்தின் பெயர் வருவது. 2022 ஜூலை 9ஆம் திகதி கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தபோது உலகச் செய்திகள் 'ஸ்டோர்ம்ட்' என்றே எழுதின. 1789இல் பாரிஸ் மக்கள் பஸ்தீல் சிறையைப் பிடித்ததற்கும் அதே சொல்தான். கோட்டையை முற்றுகையிட்டுப் பாய்ந்து பிடிக்கும் படையியல் பொருள் அது. ஆக, 'ஸ்டோர்ம்' உடன் நேரே இடம் வந்தால் பாய்ந்து கைப்பற்றல். 'அவுட்' வந்தால் கோபித்து வெளியேறல். கொப்பியில் கோடு போட்டு ஒரு அர்த்தம் மட்டும் எழுதிய பிள்ளை, ஜூலை 9ஆம் திகதிச் செய்தியைப் படித்துவிட்டு, மக்கள் மாளிகையை விட்டுக் கோபித்துக்கொண்டு போனார்கள் என்று விளங்கியிருக்கும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு வலுவானது: "ஃப்ரேசல் வேர்ப் என்பது மரபுத்தொடர். 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. 'கிவ் அப்' என்றால் கைவிடு. இதில் எங்கே கட்டுமானம் இருக்கிறது?" உண்மைதான். 'கிவ் அப்', 'புட் ஓஃப்' போன்றவற்றில் பகுதிகளைக் கூட்டி முழுமையைப் பெற முடியாது. அவற்றைப் பாடமாக்கத்தான் வேண்டும். என் வாதம் அவற்றைப் பற்றியதில்லை. நடமாட்டத்தைச் சொல்லும் வினைகள், அதாவது போதல், வருதல், ஏறுதல், இறங்குதல், நுழைதல், விலகுதல் பற்றியவை, பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன. அவற்றையும் மரபுத்தொடர்களையும் ஒரே பட்டியலில் கலந்து ஒரே விதமாகப் பாடமாக்க வைப்பதுதான் பிழை. தமிழிலும் இதே இரண்டு வகை உண்டு. 'ஓடிப்போனான்' என்பதைப் பிரித்தாலே விளங்கும். 'போய்த் தொலைந்தான்' என்பதில் தொலைந்தது எதுவும் இல்லை. சொல்பவரின் எரிச்சல்தான் இருக்கிறது. தமிழ் படிக்கும் வெளிநாட்டவரிடம் இரண்டையும் ஒரே மூச்சில் திணித்தால் அவரும் தலையைப் பிடித்துக்கொள்வார்.

இரண்டாவது மறுப்பு வசதியானது: "'லெஃப்ட் ஆங்கிரிலி' என்றால் போதாதா? சரியான ஆங்கிலம், பிழை வராது, க.பொ.த. சாதாரண தரத்தில் புள்ளியும் கிடைக்கும்." போதும்தான். அலுவலகக் கடிதத்துக்கும் கூட்ட அறிக்கைக்கும் அதுவே ஏற்றது. ஆனால் எழுதுவது நம் கையில் இருக்கிறது. வாசிப்பதும் கேட்பதும் நம் கையில் இல்லை. செய்தியும் நாவலும் திரைப்படமும் நமக்காக 'லெஃப்ட் ஆங்கிரிலி' என்று இறங்கி வராது. அதோடு, இந்தத் தவிர்ப்பு நாம் விரும்பித் தேர்ந்தது போலத் தோன்றினாலும், தாய்மொழி நம்மைத் தள்ளிவிடும் திசை அது. டேகட், லௌஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஹீப்ருவைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் ஃப்ரேசல் வேர்பைத் தவிர்த்து ஒற்றைச் சொல் வினைகளையே நாடினார்கள். ஹீப்ருவில் அப்படி ஒரு வினையமைப்பு இல்லாததே காரணம் என்றார்கள். 1989இல் ஹுல்ஸ்டைனும் மார்ச்செனாவும், இதே போன்ற வினைகள் உள்ள டச்சு மொழிக்காரர்களைச் சோதித்தார்கள். அவர்கள் ஒட்டுமொத்தமாகத் தவிர்க்கவில்லை. மரபுத்தொடராக இறுகியவற்றில்தான் தயங்கினார்கள். நாம் ஹீப்ரு மாணவர் பக்கம் நிற்பவர்கள். தவிர்ப்பது நம் சுபாவமாகிவிடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதைச் சரிசெய்யலாம். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் போன்ற இடங்களுக்குப் போகும் பிள்ளை ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டியிருக்கிறது. பாடநூல் ஆங்கிலத்தை அது சமாளித்துவிடும். விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் காதில் விழும் ஆங்கிலத்தில் இந்தச் சின்னச் சொற்கள்தான் நிறைந்திருக்கும்.

ஆனால் இந்த வினையை அறிந்துகொள்ள இன்னும் பெரிய காரணம் ஒன்று உண்டு. 'ஸ்டோர்ம் அவுட்' ஒரு தீர்ப்பு. போனவர் நிதானம் இழந்தார் என்று சொல்பவர் முடிவு செய்துவிட்டார் என்பது அதற்குள் இருக்கிறது. 1950 ஜனவரி 13ஆம் திகதி, சீனாவின் ஆசனம் யாருக்கு என்ற பிரச்சினையில் சோவியத் பிரதிநிதி யாக்கோவ் மாலிக் ஐ.நா. பாதுகாப்புச் சபையை விட்டு வெளியேறினார். அவர் இல்லாத அந்த இடைவெளியில்தான், ஜூன் மாதம் கொரியப் போர் தொடர்பான தீர்மானங்கள் வீட்டோ இல்லாமல் நிறைவேறின. வரலாற்று நூல்கள் இதை 'வோக் அவுட்' என்கின்றன. நாம் 'வெளிநடப்பு' என்கிறோம். அது ஓர் அரசியல் நடவடிக்கை. முகத்தில் கோபம் இருந்ததா என்பது பொருட்டில்லை. 1985 ஓகஸ்ட்டில் திம்புப் பேச்சுவார்த்தையின் இரண்டாம் சுற்றிலிருந்து தமிழ்த் தரப்பு, வவுனியாக் கொலைகளைக் கண்டித்து வெளியேறியதும் வெளிநடப்புதான். அதை 'ஸ்டோர்ம்ட் அவுட்' என்று எழுதுபவர், கொலைகளைப் பின்தள்ளிவிட்டுப் போனவர்களின் ஆத்திரத்தை முன்னால் கொண்டு வருகிறார். 1971 டிசம்பர் 15ஆம் திகதி, டாக்கா வீழ்வதற்கு முதல் நாள், பாதுகாப்புச் சபையில் சுல்பிகார் அலி பூட்டோ காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். அவருக்கு மட்டும் இரண்டு வினையும் பொருந்தும். காகிதம் கிழிந்த காட்சியே 'ஸ்டோர்ம்' என்ற வினைக்குச் சாட்சி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விதி கிடைக்கிறது. வெளியேறிய தரப்பு தன் அறிக்கையில் 'வோக் அவுட்' என்று எழுதும். அதை எதிர்ப்பவர்கள் 'ஸ்டோர்ம் அவுட்' என்பார்கள். 'ஐ ஸ்டோர்ம்ட் அவுட்' என்று ஒருவர் தன்னைப் பற்றியே சொன்னால், தன் கோபத்தை ஒப்புக்கொள்கிறார் அல்லது தன்னையே கேலி செய்கிறார். குர்ஆனை ஆங்கிலத்தில் தந்த பிக்தாலும் யூசுப் அலியும் யூனுஸ் நபி (அலை) அவர்கள் போனதை எளிய வினைகளால் சொல்லி, கோபத்தைத் தனிச்சொல்லில் வைத்திருப்பதையும் இங்கே கவனியுங்கள். மூலத்தின் கட்டுமானம் அதனால் காப்பாற்றப்பட்டது, நபி ஒருவருக்கான மரியாதையும் குறையவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. 'கோபித்துக்கொண்டு போதல்' முழுவதையும் 'ஸ்டோர்ம் அவுட்' தாங்காது. அக்கரைப்பற்றை மையமாக வைத்து டென்னிஸ் மெக்கில்வ்ரே எழுதி 2008இல் வெளிவந்த ஆய்வு நூலை வாசித்தவர்களுக்கு நம் கரையோரக் குடும்ப அமைப்பு பற்றித் தெரிந்திருக்கும். வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது; கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். மற்ற ஊர்க் கதைகளில் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போவார். இங்கே பெரும்பாலும் கணவன்தான் 'உம்மா ஊட்ட கோவிச்சிட்டுப் பெய்த்தாரு'. அந்தக் கோபம் வாசலைத் தாண்டியதோடு முடிவதில்லை; நாட்கணக்கில் நீடிக்கும், பெரியவர்கள் போய்ச் சமாதானம் பேசி அழைத்து வர வேண்டும். கலியாண வீட்டுச் சஹனில் ஐந்தாறு பேர் கூடியிருந்து சாப்பிடும்போது ஒருவர் கையை உதறிவிட்டு எழும்பிப் போனாலும் இதே கதைதான். அவரைப் போய்க் கூப்பிடாவிட்டால் அது அடுத்த குறையாகிவிடும். தமிழின் 'கொண்டு' அந்தக் கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டே போவதைச் சொல்கிறது. 'ஸ்டோர்ம் அவுட்' பிடிப்பது வாசலைத் தாண்டும் அந்தக் கணத்தை மட்டும். கதவு அடிபட்ட கணத்தைச் சொல்ல அந்த வினை சரி. உம்மா வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் மூன்று நாளைச் சொல்ல 'வென்ட் ஓஃப் இன் எ ஹஃப்' போன்ற வேறு தொடரைத் தேட வேண்டும். எதற்கு எது என்று தெரியாமல் கோட்டின் இரண்டு பக்கமும் ஒன்றேயென்று எண்ணினால், கணவன்மார் எல்லோரையும் கதவை உடைப்பவர்களாக ஆங்கிலத்தில் எழுதிவிடுவோம்.

கடைசி மறுப்பு ஆங்கில ஆசிரியர்களிடமிருந்து வரும்: "ஆங்கிலத்தை ஆங்கிலத்தால்தான் படிப்பிக்க வேண்டும். தமிழை இடையில் கொண்டுவந்தால் பிள்ளை தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்." அந்தப் பிள்ளை எப்படியும் தமிழில்தான் யோசிக்கிறது, நாம் தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்தியதால் அது நின்றுவிடவில்லை. 'ஃப்ரம்' என்ற பிழை நாம் கற்பித்து வந்ததில்லை. கண்காணிப்பு இல்லாத ஒப்பீட்டால் வந்தது. ஒப்பீட்டை வெளிப்படையாகச் செய்தால் பிழை எங்கே நுழைகிறது என்று பிள்ளையே காணும். அதற்குத் தேவையான தமிழ் இலக்கண அறிவுக்கும் நாம் தூரம் போக வேண்டியதில்லை. 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' எழுதிய மொழியியலாளர் எம்.ஏ. நுஃமான் பிறந்தது கல்முனைக்குடியில்தான். தமிழ்ப் பாடத்தில் படிக்கும் வினையெச்சம், துணைவினை எல்லாம் புள்ளிக்காகப் படித்து மறக்கும் சங்கதிகள் என்ற எண்ணமும் இதனால் மாறும். எச்சத்தை அடையாளம் காணத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கில வினை பாதி திறந்துவிட்டது.

ஆகவே கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஃப்ரேசல் வேர்ப் பாடம் எடுக்கும்போது நடமாட்ட வினைகளையும் மரபுத்தொடர்களையும் இரண்டு பாடங்களாகப் பிரியுங்கள். முதல் பாடத்தில் பட்டியல் கொடுக்க வேண்டாம். ஒரு தமிழ் வசனம் கொடுங்கள்: 'தலைவர் கோபித்துக்கொண்டு கூட்டத்திலிருந்து எழும்பிப் போனார்.' எச்சத்தை வினையாக்கச் சொல்லுங்கள், வினையைச் சின்னச் சொல்லாக்கச் சொல்லுங்கள். பிறகு அதே செய்தியைத் தலைவரின் ஆதரவாளர் ஒருவராகவும், எதிர்ப்பாளர் ஒருவராகவும் இரண்டு விதமாக எழுதச் சொல்லுங்கள். நமது அரசியலமைப்பின் 18ஆவது உறுப்புரை ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. இணைப்பு மொழியில் வரும் செய்தியில் யார் நடந்து போனார், யார் கொதித்துப் போனார் என்று பிரித்தறியத் தெரியாத வாசகர், எழுதியவரின் தீர்ப்பை நடந்த சம்பவம் என்றே நம்பிவிடுவார்.